அந்த அம்மாவுக்கு ஒரு ‘ங்க’

கேள்வி:

எனக்கு வயது 33. பொள்ளாச்சிப் பக்கம் பிறந்தவள். கல்யாணமாகி ஒன்பது வருடமாகச் சேலம் அஸ்தம்பட்டியில் மாமியாரோடு இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்து, வீடு கூட்டித் துடைக்க 14 வருடமாகக் கன்னங்குறிச்சியிலிருந்து ஓர் அம்மா வருகிறார். அவருக்கு வயது 58. மாமியார் அவரைப் பேர் சொல்லி ‘வா, போ’ என்றுதான் பேசுவார்.

போன மாதம் என் ஏழு வயது மகன் சோபாவில் படுத்தபடி, கையிலிருந்த செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல், அவர் பேரைச் சொல்லி ‘ஏய், தண்ணீர் எடுத்துக்கொண்டு வா’ என்றான். அவரும் சிரித்தபடி கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. அங்கேயே அவனை ஓர் அடி அடித்து, அவர் முன்னால் நிறுத்தி ‘மன்னிப்புக் கேள்’ என்றேன். அவன் அழுதான். அந்த அம்மா ‘விடுங்க கண்ணு, குழந்தைதானே’ என்று பதறினார். மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது. ‘என்னைத்தான் குத்திக்காட்டுகிறாய். நான் அவளைவிட எட்டு வயது மூத்தவள். உரிமையோடு நீ என்கிறேன். அதில் என்ன குறை?’ என்றார். கணவரோ, ‘சாமியையே நீ என்றுதான் கும்பிடுகிறோம். இங்கிலீஷில் எல்லோருக்கும் ஒரே சொல்தான். சின்ன விஷயத்தை ஊதிப் பெரிதாக்காதே’ என்கிறார்.

அன்று முதல் நான் அந்த அம்மாவை ‘நீங்க’ என்று அழைக்கிறேன். அவர் வெட்கப்பட்டு, ‘என்னைப் போய் எதற்கு வாங்க போங்க என்கிறீர்கள்’ என்று சிரிக்கிறார். மகன் இப்போது வாட்ச்மேனிடமும் பார்சல் கொண்டு வருபவரிடமும் அதே தோரணையில் பேசுகிறான். நான் செய்தது தவறா? இனி என்ன செய்ய வேண்டும்?

வாசகி, சேலம்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை படிக்கும்போது ஒரு காகிதத்தை எடுத்து, உங்கள் வீட்டில் யார் யாருக்கு ‘ங்க’ போடுகிறார்கள் என்று குறித்துக்கொண்டே வந்தேன். நீங்கள் மாமியாருக்குப் போடுகிறீர்கள். கணவருக்கும் போடுவீர்கள் என்றே நினைக்கிறேன். மாமியார், வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கும் உறவினருக்கும் போடுவார். அந்த அம்மா? அவர் உங்கள் மாமியாருக்குப் போடுகிறார். தம்மைவிட 25 வயது இளைய உங்களுக்கும் போடுகிறார். ‘விடுங்க கண்ணு’ என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. உங்கள் மகனிடம் எப்படிப் பேசுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. நாளைக்குக் கவனித்துப் பாருங்கள். ‘தம்பி, வாங்க, சாப்பிடுங்க’ என்றுதான் சொல்வார் என்பது என் ஊகம். சேலத்தில் 22 வருடமாகக் குடும்ப நல ஆலோசகராக எத்தனையோ வீடுகளின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டவள் என்ற முறையில் சொல்கிறேன்.

அப்படியானால் அந்த வீட்டில் எல்லோருக்கும் ‘ங்க’ கொடுப்பவர் ஒரே ஒருவர்தான். நீங்கள் மாற்றிக்கொண்ட அன்று வரை யாரிடமிருந்தும் அதைத் திரும்பப் பெறாதவரும் அவர் ஒருவர்தான். உங்கள் மகன் இதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே கண்டுபிடித்துவிட்டான். ஏழு வயதுப் பிள்ளைக்கு வீட்டில் யார் பெரியவர், யார் சின்னவர் என்பது வயதை வைத்துத் தெரிவதில்லை. யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதை வைத்துத்தான் தெரிகிறது.

ஆகவே உங்களுக்கு உடம்பு கூசியது சரியான கூச்சம். அதைச் சின்ன விஷயம் என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். ஆனால் அதற்குப் பிறகு நீங்கள் செய்த இரண்டும் தவறு. அடித்ததும் தவறு. அந்த அம்மாவுக்கு முன்னாலேயே அவனை நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைத்ததும் தவறு. அடித்தது ஏன் தவறு என்று உங்களுக்கே தெரியும். இரண்டாவதைக் கொஞ்சம் விளக்குகிறேன்.

அந்த நிமிடத்தில் அவர் நிலையை நினைத்துப் பாருங்கள். ஈரக் கையோடு தம்ளரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நிற்கிறார். தம்மால் முதலாளி வீட்டுக் குழந்தை அடி வாங்குகிறது. அது அழுகிறது. உங்கள் மாமியார் முகம் மாறுகிறது. நாளைக்கு இந்த வேலை இருக்குமா என்ற கவலை அவருக்கு வராதா? உங்களுக்கு அது நியாயத்தை நிலைநாட்டிய நேரம். அவருக்கு அது பிழைப்பில் மண் விழுந்துவிடுமோ என்று பயந்த நேரம். அதனால்தான் பதறினார். ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையை அவரையே காட்சிப் பொருளாக்கிக் கொடுக்கக்கூடாது. குழந்தையைத் திருத்துவதென்றால் அறைக்குள் கூட்டிப்போய், கதவைச் சாத்திக்கொண்டு, தணிந்த குரலில் திருத்துங்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. எனக்கு நேர்ந்ததிலிருந்து சொல்கிறேன்.

நான் ஏற்காட்டில் பிறந்து வளர்ந்தவள். என் தந்தை ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதினார். பழம் பறிக்கும் பருவத்தில், பொழுது சாயும் வேளைக்கு, பறித்த காப்பிப் பழத்தைச் சாக்கில் கட்டித் தலையில் சுமந்துகொண்டு பெண்கள் எடை போடும் இடத்துக்கு வருவார்கள். மேசையும் நோட்டுமாக அப்பா உட்கார்ந்திருப்பார். தராசில் ஏற்றுவதும், மேஸ்திரி எடையைக் கூவுவதும், அப்பா பேருக்கு நேராக எழுதுவதுமாக இருட்டும் வரை நடக்கும். எனக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவின் மேசைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். பனி இறங்கும் நேரம், சாக்கிலிருந்து சிவப்புச் சாறு கசிந்து அந்தப் பெண்களின் நெற்றியிலும் கழுத்திலும் வழிந்து காய்ந்திருக்கும்.

ஒருநாள் என் பாட்டி வயதுள்ள ஒருவர், முறை வருவதற்காகச் சாக்கை என் காலடியில் இறக்கி வைத்தார். என் பாவாடையில் சாறு பட்டுவிட்டது. நான் அவர் பேரைச் சொல்லி, ‘மூட்டையை அந்தப் பக்கம் தள்ளு’ என்றேன். அதிகாரமாகவே சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் தள்ளி வைத்தார்.

அப்பா என்னை ஒன்றுமே சொல்லவில்லை. எழுதிக்கொண்டிருந்த பேனாவை மட்டும் ஒரு நிமிடம் கீழே வைத்தார். பிறகு எடுத்து எழுத ஆரம்பித்தார். அந்த அம்மாவின் முறை வந்தபோது, நிமிர்ந்து பார்த்து, ‘அம்மா, உங்கள் எடை பதினெட்டு. சரிதானா பாருங்க’ என்றார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று வரை அப்பாவும் அவரை நீ என்றுதான் சொல்லி வந்தார். அங்கே எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அந்த அம்மா ஒரு கணம் யாரைச் சொல்கிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு நடந்து போகும்போது அப்பா சொன்னது இவ்வளவுதான்: ‘நீ என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டாய். தப்பு என்னுடையது. நான் மாற்றிக்கொண்டேன், நீயும் மாற்றிக்கொள்.’ அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் வேலையை விடும் வரை வயதில் மூத்த எந்தத் தொழிலாளியையும் அவர் ஒருமையில் அழைக்கவில்லை. மேஸ்திரிகள் முதலில் கிண்டல் செய்தார்கள். பிறகு பழகிவிட்டார்கள். இரண்டொருவர் தாங்களும் மாறினார்கள். எனக்கு அடியும் இல்லை, திட்டும் இல்லை. ஆனாலும் அந்தப் பேனா கீழே வைத்த சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

இப்போது உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. தமிழில் ‘நீ’ என்பது கெட்ட வார்த்தை இல்லை. அம்மாவை நீ என்கிறோம், பாட்டியை நீ என்கிறோம், கோட்டை மாரியம்மன் முன்னால் கண்ணீரோடு நின்று ‘நீதான் தாயே பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்கிறோம். நெருக்கத்தில் வருகிற நீ அது. அதற்கு ஈடான மரியாதைச் சொல் உலகத்தில் கிடையாது. ஆனால் நெருக்கத்தில் வரும் நீயும், மேலே நின்று கீழே பார்த்துச் சொல்லும் நீயும் எழுத்தில் மட்டுமே ஒன்று. எது எதுவென்று கண்டுபிடிக்க நான் என்னிடம் வருகிறவர்களுக்கு ஒரு வழி சொல்வதுண்டு. அந்தச் சொல் திரும்பி வர முடியுமா என்று பாருங்கள். உங்கள் தோழியை நீங்கள் நீ என்றால் அவரும் உங்களை நீ என்பார். அம்மாவை நீ என்றால் அம்மாவும் நீ என்பார். அந்த அம்மா நாளைக்கு உங்கள் கணவரைப் பார்த்து, ‘நீ குளித்துவிட்டாயா, குளியலறையைக் கழுவ வேண்டும்’ என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்? உங்கள் கணவருக்குப் பிடித்தமாக இருக்குமா? இருக்காது என்றால், அந்த வீட்டில் அந்த அம்மாவுக்குச் சொல்லப்படும் நீ உரிமையில் வந்தது இல்லை. உரிமை என்பது இரண்டு பக்கமும் இருக்க வேண்டும்.

இங்கிலீஷைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே எல்லோருக்கும் ஒரே சொல் என்பது உண்மைதான். ஆனால் ‘யூ’ என்பது ஆதியில் பன்மைச் சொல். ஒருமைக்குத் ‘தௌ’ என்று தனியே ஒன்று இருந்தது. பெரியவர்களுக்கு மட்டும் மரியாதையாகப் பன்மை போட்டவர்கள், போகப் போக எல்லோருக்குமே போட ஆரம்பித்தார்கள். தௌ வழக்கொழிந்தது. அவர்கள் எல்லோரையும் ‘நீங்கள்’ என்பதற்கு ஏற்றினார்கள், யாரையும் ‘நீ’ என்பதற்கு இறக்கவில்லை. உங்கள் கணவர் இங்கிலீஷைப் பின்பற்ற விரும்பினால் மிகவும் நல்லது, வாட்ச்மேனிலிருந்து தொடங்கட்டும்.

நம் மொழியும் இதில் சளைத்ததில்லை. ஒரே ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் உள்ள உயர்சொல், இலக்கண நெறி அது அல்ல என்று தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்திலேயே இருக்கிறது. அத்தனை பழைய காலத்திலேயே நம்மவர்கள் மரியாதைக்காக இலக்கணத்தை வளைத்துப் பேசியிருக்கிறார்கள், இலக்கணம் எழுதியவரும் அதைப் பதிவு செய்திருக்கிறார். நீங்கள் பிறந்த பொள்ளாச்சிப் பக்கத்தைக் கேட்கவே வேண்டாம். சரிங்க, இல்லைங்க, ஏனுங்க என்று வாயைத் திறந்தால் ‘ங்க’ இல்லாமல் ஒரு வார்த்தை வராது. பெற்ற பிள்ளையையே ‘வாங்க சாமி’ என்று கூப்பிடுகிற ஊர். அங்கேயும், தோட்டத்தில் வேலை செய்த முதியவருக்கு அந்த ‘ங்க’ கிடைத்ததா என்று கேட்டால், பல இடங்களில் கிடைக்கவில்லை என்பதுதான் பதில்.

இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். இதில் சாதி இருக்கிறது. பண்ணையார் வீட்டுப் பொடியன், தாத்தா வயதுள்ள பண்ணையாளைப் பேர் சொல்லி ‘வாடா’ என்று கூப்பிட்டதும், அந்தப் பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ‘சாமி’ என்று ஓடி வந்ததும் நம் பாட்டன் காலத்தில் கண்ணால் பார்த்த காட்சிகள். டீக்கடையில் இரட்டைத் தம்ளர் இருந்ததும் அப்படித்தான். அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்து எழுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் நான் போகிற வீடுகளில், சமையலறை மேடையின் ஓரத்தில், மற்றவற்றோடு சேராமல் தனியாகக் கவிழ்த்து வைத்த ஒரு தம்ளரையும் தட்டையும் இன்றைக்கும் பார்க்கிறேன். உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் முதலில் அதை எடுங்கள். யாரிடமும் விவாதிக்க வேண்டாம், அறிவிக்கவும் வேண்டாம். நாளைக்கு அவருக்குக் காப்பி ஊற்றும்போது உங்கள் தம்ளரைப் போன்ற ஒரு தம்ளரில் ஊற்றிக் கொடுங்கள். உங்கள் மகன் அதையும் பார்ப்பான்.

மாமியாரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. 66 வயதுக்காரர், 58 வயதுக்காரரை நீ என்பது வயதுக்கு உட்பட்ட வழக்கம். 14 வருடமாக இருவரும் ஒருவர் வீட்டு நல்லது கெட்டதை ஒருவர் அறிந்திருப்பார்கள். அந்த நீயில் எத்தனை பங்கு பிரியம், எத்தனை பங்கு அதிகாரம் என்று நீங்களும் நானும் வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. அதை மாற்றச் சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை. உங்களுக்கு உரிமை இருப்பது உங்கள் வாயின் மேலும், உங்கள் மகனின் வளர்ப்பின் மேலும்தான். அது போதும்.

அன்றைக்கு அவர் மனம் புண்பட்டதும் உண்மை. எல்லோர் முன்னாலும் பேரனை நீங்கள் அடித்தது அவருக்குத் தம்மை அடித்ததாகவே பட்டிருக்கும். ஆகவே இருவரும் தனியாக இருக்கும் நேரம் பார்த்து, பூண்டு உரித்துக்கொண்டோ கீரை ஆய்ந்துகொண்டோ இருக்கும்போது, நீங்களாகப் பேச்சை எடுங்கள். ‘அத்தை, அன்றைக்கு உங்கள் முன்னால் அவனை அடித்தது என் தப்பு. நீங்கள் அவரை எப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்பது உங்கள் இரண்டு பேர் பழக்கம், நான் அதில் வாய் வைக்கவில்லை. ஆனால் இவனுக்கு அவர் 51 வயது மூத்தவர். நாளைக்கு இவன் வெளியில் ஒரு பெரியவரை ஏய் என்று கூப்பிட்டால், இவனை வளர்த்தது யார் என்றுதான் ஊர் கேட்கும். அவன் பாட்டி என்று கூப்பிட நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். நீங்கள் சொன்னால் கேட்பான்’ என்று சொல்லிப் பாருங்கள். கடைசி வாக்கியம் முகஸ்துதி என்று நினைக்காதீர்கள். அது உண்மை. நீங்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு மீதி நேரமெல்லாம் அவன் பாட்டியிடம்தானே இருக்கிறான்.

எங்கள் சேலத்துப் பக்கம் பல வீடுகளில் பாட்டியை ‘ஆயா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் குழந்தைகளைக் கவனிக்கிற பணியாளரையும் ஆயா என்கிறோம். ஒரே சொல், வீட்டுக்குள் சொன்னால் வாஞ்சை வழிகிறது, பள்ளி வாசலில் சொன்னால் ஏவல் தொனிக்கிறது. குரல்தான் வித்தியாசம். இதனால்தான் மகனுக்கு வெறும் சொல்லை மட்டும் சொல்லிக்கொடுத்து நிறுத்திவிடக்கூடாது என்கிறேன். ‘பாட்டி, தண்ணீர் கொண்டு வாங்க’ என்று சோபாவில் படுத்துக்கொண்டே சொன்னால் அது பழைய ஏய்தான், உடுப்பு மட்டும் புதிது. ஏழு வயதுப் பிள்ளைக்குத் தண்ணீர்க் குடம் எட்டும். அவன் எழுந்து போய்த் தானே எடுத்துக் குடிக்கட்டும். முதலில் இந்தப் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள். சாப்பிட்ட தட்டைத் தானே தொட்டியில் கொண்டுபோய்ப் போடட்டும், எச்சிலை வழித்துவிட்டுப் போடட்டும். காய்ந்து ஒட்டிய சோற்றுப் பருக்கையைச் சுரண்டுவது எவ்வளவு சிரமம் என்று ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் உங்களோடு நின்று நான்கு பாத்திரம் தேய்த்தால் அவனுக்கே தெரிந்துவிடும். தண்டனையாகச் செய்ய வைக்காதீர்கள். தண்டனை என்று ஆகிவிட்டால், பாத்திரம் தேய்ப்பது கேவலம் என்ற பாடம்தான் மனதில் பதியும்.

வாட்ச்மேனுக்கும் பார்சல் கொண்டு வருபவருக்கும் இதே வழிதான். அவன் முன்னால் நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள் என்று உங்களையே ஒரு வாரம் கவனியுங்கள். போனில் ‘எங்கே வருகிறாய், இன்னும் எவ்வளவு நேரம்’ என்று கேட்கிறோமா, ‘எங்கே வந்துகொண்டிருக்கிறீர்கள்’ என்று கேட்கிறோமா? கதவைத் திறந்து, காதில் போனை வைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொள்கிறோமா? சேலத்து மே மாத வெயிலில் மூன்று மாடி ஏறி வந்தவரிடம், ‘தண்ணீர் குடிக்கிறீர்களா’ என்று கேட்க ஒரு நிமிடம் ஆகாது. காலையில் குப்பை வண்டி வரும்போது நம் தெருவில் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். ‘குப்பை வந்துவிட்டது’ என்கிறார்கள். வந்திருப்பது ஓர் ஆள். 2020இல் தமிழக அரசு துப்புரவுப் பணியாளர் என்ற பெயரையே தூய்மைப் பணியாளர் என்று மாற்றியது. வாசலில் நின்று நாம் சொல்லும் சொல்லை எந்த அரசாணையும் மாற்ற முடியாது. அதை நாம்தான் மாற்ற வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வெறும் ‘ங்க’வை வைத்துக்கொண்டு அந்த அம்மாவால் ஒரு படி அரிசி வாங்க முடியாது. வாய் நிறைய ‘வாங்க அம்மா’ என்று அழைத்துவிட்டு, ஐந்தாம் தேதி தர வேண்டிய சம்பளத்தைப் பன்னிரண்டாம் தேதி வரை இழுக்கிற வீடுகளை எனக்குத் தெரியும். மூன்று நாள் குளிர்சாதனப் பெட்டியில் கிடந்த குழம்பைக் கொடுத்துவிட்டு, ‘எங்கள் வீட்டு ஆள் மாதிரி’ என்று பெருமை பேசுகிற வீடுகளையும் தெரியும். சம்பளத்தைச் சொன்ன தேதியில், எண்ணி, கையில் கொடுங்கள். மேசை மேல் வைத்துவிட்டு ‘எடுத்துக்கொள்’ என்று சொல்லாதீர்கள். விருந்தாளி வருவதானால் முதல் நாளே சொல்லுங்கள், கூடுதல் வேலைக்குக் கூடுதலாகக் கொடுங்கள். ஆடி மாதம் வருகிறது. சேலம் முழுக்க மாரியம்மன் கோயில்களில் பண்டிகை. உங்கள் வீட்டுக்கு உறவினர்கள் வந்து குவிவார்கள், பாத்திரம் மலைபோல் சேரும். அதே நாளில் கன்னங்குறிச்சியில் அவர் வீட்டிலும் பொங்கல் வைக்க வேண்டும், அவர் மகளும் பேரப்பிள்ளைகளும் வந்திருப்பார்கள். ‘அன்றைக்கு மட்டும் வந்துவிட்டுப் போ’ என்று கேட்கிறோமே, அந்த இடத்தில்தான் நாம் அவரை எப்படி நினைக்கிறோம் என்பது வெளிப்படுகிறது. இந்த வருடம் நீங்களாகவே ‘பண்டிகைக்கு நீங்கள் வர வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்லுங்கள், சம்பளத்தில் பிடிக்காமல்.

வீட்டு வேலை செய்பவர்களுக்காகத் தமிழ்நாட்டில் 2007 முதல் தனி நல வாரியம் இருக்கிறது. தொழிலாளர் துறையின் கீழ் இயங்குகிறது. 60 வயது ஆவதற்குள் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்த அம்மாவுக்கு 58 ஆகிறது. பதிவு செய்திருக்கிறாரா என்று இந்த வாரமே கேளுங்கள். இல்லையென்றால் ஒருநாள் விடுப்பு எடுத்து நீங்களே கூட்டிப்போய்ப் பதிவு செய்து கொடுங்கள். விண்ணப்பம் நிரப்புவதும், ஆதாருக்கும் போட்டோவுக்கும் அலைவதும் அவருக்குத் தனியாக மலைப்பாக இருக்கும். 14 வருடம் உங்கள் வீட்டைத் துடைத்தவருக்கு அரை நாள் அலுவலக வாசலில் நீங்கள் கூட நின்றால், அதைவிடப் பெரிய மரியாதையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கடைசியாக, அவர் ‘எதற்கு வாங்க போங்க’ என்று சிரிக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். என் அப்பா ‘உங்கள் எடை பதினெட்டு’ என்றபோது அந்தத் தோட்டத்து அம்மா பின்னால் திரும்பிப் பார்த்ததை மேலே சொன்னேன். இருவருக்கும் பழக்கமில்லை, அவ்வளவுதான். 58 வருடமாக யாரும் கொடுக்காத ஒன்று திடீரென்று வந்தால் யாருக்கும் வெட்கமாகத்தான் இருக்கும். சிரிக்கிறாரே என்று நிறுத்திவிடாதீர்கள். இதைப் பற்றி விளக்கமும் கொடுக்காதீர்கள். இயல்பாகச் சொல்லிக்கொண்டே போங்கள், சில மாதங்களில் சிரிப்பு நின்றுவிடும். ஒருவேளை, ‘எனக்கு அது அந்நியமாக இருக்கிறது கண்ணு, நீ என்றே கூப்பிடுங்க’ என்று அவர் மனமாரச் சொன்னால் அதற்கும் செவி கொடுங்கள். அப்போது ஒரு நிபந்தனை போடுங்கள்: ‘அப்படியானால் நீங்களும் என்னை நீ என்றுதான் கூப்பிட வேண்டும்.’ அவர் கூப்பிடுகிறாரா பாருங்கள். கூப்பிட்டுவிட்டால் உங்கள் வீட்டில் ஒரு நல்ல நீ பிறந்துவிட்டது என்று அர்த்தம்.

மகன் விஷயத்தில் மட்டும் அவரையே கேட்டுவிடுங்கள். நாளைக் காலை அவர் வந்ததும், மகன் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது, இரண்டு தம்ளரில் காப்பியை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். ‘தம்பி உங்களை என்னவென்று கூப்பிடட்டும்?’ என்று கேளுங்கள். பாட்டி என்பாரோ, ஆயா என்பாரோ, அம்மாயி என்பாரோ, அவர் வாயில் என்ன வருகிறதோ அதுவே இருக்கட்டும். அவன் காதில் விழும்படி கேளுங்கள்.